மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது

என் வீட்டுக்காரருக்குக் காது சரியாகக் கேட்கிறதா இல்லையா என்பது எங்களுக்குச் சோற்றுப் பிரச்சினை. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் ரோட்டோரம் தகரம் போட்ட கார் ஒர்க்‌ஷாப் எங்களுடையது. ஆட்கள் அங்கே வண்டியைக் கொண்டுவந்து விடுவதே அவர் காதை நம்பித்தான். "அந்தாளு சத்தத்த வச்சே சொல்லிடுவாரு" என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் வந்து, அப்படியே சேர்ந்த பேர். வண்டியை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதுக்குக் கீழே தாடை எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். கொஞ்ச நேரத்தில் "ஆல்டர்னேட்டர் பேரிங்" என்பார். கழற்றிப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். வண்டிக்காரர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன்.

அதே மனுஷன் வீட்டில் குக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு விசில் வரவில்லை என்பார். ஒரு நாள் பருப்பு தீய்ந்து வீடெல்லாம் புகை. "உன்ன காவலுக்கு வச்சிட்டுப் போனேன் பாரு, என்ன சொல்லணும்" என்று கத்தினேன். விசிலே வரவில்லை என்று சத்தியம் செய்தார். பக்கத்து வீட்டு அக்காவோ கொல்லைப்புறத்திலிருந்து எத்தனை விசில் என்று எண்ணிச் சொன்னாள்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். பொண்டாட்டி பேசினால் எல்லா ஆம்பளைக்கும் காது அடைத்துக்கொள்ளும் என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. நல்ல நேரம் பார்த்து, "காது டாக்டர் ஒருத்தரப் போய்ப் பாத்துட்டு வந்துடலாமா மாமா?" என்று கேட்டேன். நான் என்ன திட்டினாலும் பதில் பேசாத மனுஷன், அன்றைக்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. எடுக்கவில்லையே தவிர, கண்ணை அவர் மேலிருந்து எடுக்கவும் இல்லை. காது போனால் பேர் போகும், பேர் போனால் ஒர்க்‌ஷாப் போகும். ஏற்கெனவே ஒரு வேலை போய், இந்தத் தொழிலை நம்பித்தான் நிற்கிறோம்.

அவர் சிவகங்கைப் பக்கம். ஐடிஐ முடித்துவிட்டு இங்கே வந்து, தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்டில் இருந்தவர். நான் வல்லம் வடகால்காரி. கார்களுக்குள் போகும் வயர்களைக் கட்டாகக் கட்டித் தருகிற ஹார்னெஸ் கம்பெனியில் லைனில் நின்றேன். கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நின்ற இடத்தில் பழக்கமாகி, சண்டை போட்டு, கட்டிக்கொண்டோம். கான்ட்ராக்டை நீட்டிக்காமல் அவரை அனுப்பிவிட்ட பிறகுதான் இந்தத் தகரக் கொட்டகை. நானும் லைனை விட்டுவிட்டு வந்து ஆயிலும் கூலன்ட்டும் விற்றுக்கொண்டு, கூப்பிட்டபோது பிரேக்கை மிதித்து, டார்ச் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். நாலு பேர் முன்னால் அவரை வாங்க, போங்க என்பேன். வீட்டுக்குள் அந்த மரியாதையெல்லாம் கிடையாது.

எங்களிடம் வாடிக்கையாக வருகிற ஒருவர் வாலாஜாபாத்தில் கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுகிறவர். அவரிடம் துணிக்கூரை போட்ட பழைய வெளிநாட்டு கார் ஒன்று உண்டு. பட்டனை அமுக்கினால் கண்ணாடிகள் இறங்கி, கூரை தானாக எழும்பி, பின்னால் போய் மடங்கிப் படுத்துக்கொள்ளும். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் வேண்டும் என்று இந்தப் பக்கமெல்லாம் பேசி வைத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை கோட் போட்டுக்கொண்டு அதில் எழுந்து நின்று கும்பிட்டால்தான் கல்யாணம் கல்யாணமாக இருக்கிறதாம். கூரை திறக்காவிட்டால் அந்தக் கார் ஒன்றுக்கும் உதவாது. அதனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால் எங்களிடம் கொண்டுவந்து ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் போவார்.

அன்றைக்கு ஓர் ஆவணி முகூர்த்தத்துக்கு முதல் நாள். காலையில் கார் வந்தது. பின்னாலேயே ஷேர் ஆட்டோவில் பூ மூட்டைகளோடு அலங்காரம் பண்ணுகிற இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். கொட்டகை வாசலிலேயே ஜோடித்துவிட்டுச் சாயங்காலம் நேராகக் கோயிலுக்குப் போவதாகத் திட்டம். கார்காரர் பட்டனை அமுக்கினார். கண்ணாடிகள் இறங்கின. கூரை முன் கண்ணாடியிலிருந்து விடுபட்டு மெல்ல எழும்பியது. பாதி விரித்த குடை மாதிரி நட்டக்குத்தலாக நின்றது. அவ்வளவுதான். முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை.

"காலைலயே மெதுவாத்தான் ஏறுச்சி. உள்ள இன்னாமோ உறுமிக்கினே கீது, டாப்பு மட்டும் அசைய மாட்டுது" என்றார் கார்காரர். சொல்லும்போது அவர் பார்வை போனில் இருந்தது. என் வீட்டுக்காரர் ஏற்கெனவே டிக்கியைத் திறந்து குனிந்திருந்தார். நான் கல்லாப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கார்காரர் சொன்னது அவருக்கும் கேட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

டிக்கி திறந்திருந்தால் கூரை வேலை செய்யாது. அதனால் பூட்டின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மடக்கி, டிக்கி மூடிவிட்டதாகக் காரை நம்பவைத்தார். அந்த மாதிரி வேலைகளில் அவர் கெட்டி. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கார்காரருக்குப் பாடமே எடுத்தார்.

"இதுல பெருசா ஒண்ணுமில்லண்ணே. உள்ள ஒரு மோட்டார் இருக்கு. அது ஆயிலைத் தள்ளும், ஆயிலு கூரையத் தள்ளும். பட்டன அமுக்குனா மொதல்ல காதக் குடுத்துக் கேக்கணும். மோட்டார் ஓடுற சத்தம் வந்தா கரண்டுல கோளாறு இல்ல, ஆயில்லதான். சத்தம் வரலைனா கரண்டு. எங்கிட்டுப் போறதுன்னு அதுலயே தெரிஞ்சு போகும்."

தலையை டிக்கிக்குள் விட்டுக்கொண்டு, "அமுக்குங்கண்ணே" என்றார். கார்காரர் அமுக்கினார். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் தலையை வெளியே எடுத்தார்.

"மோட்டார் ஓடல. கரண்டுதான்."

அப்படி ஆரம்பித்தது. பேட்டரியைப் பார்த்தார், நன்றாக இருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினார், ஒன்றும் போகவில்லை. ரிலேயை மாற்றிப் போட்டார். பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்தார். பட்டனையே பிரித்தார். டெஸ்ட் லேம்ப்பை வைத்த இடத்திலெல்லாம் விளக்கு எரிந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, கூரை மட்டும் நட்டுக்கொண்டு நிற்கிறது. ஸ்க்ரூ டிரைவரைத் தாடையில் வைத்து அதிர்வைப் பார்க்கவும் வழியில்லை. மோட்டார் டிக்கியின் பக்கவாட்டில், உள்துணிக்குப் பின்னால், பஞ்சுப்பையில் சுற்றி எங்கோ ஆழத்தில் இருந்தது.

வெயில் ஏற ஏறக் கார்காரருக்கு நிலைகொள்ளவில்லை. மாப்பிள்ளையின் அப்பா போன் போட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் இவர் "ரெடியாயிடுச்சிங்க, ரெடியாயிடுச்சிங்க" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, போனை வைத்ததும் முகத்தைத் தொங்கப்போட்டார். பூக்காரர்கள் சாமந்தி வாடுகிறதே என்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்ரீபெரும்புதூர்ல ஒருத்தன் கீறான், ஸ்கேனர் வச்சிக்கினு. கம்ப்யூட்டர்லயே பாத்து சொல்லிடுவானாம். கூப்டவா?" என்றார் கார்காரர்.

"எதுக்குண்ணே? எனக்குத் தெரியாததா?" என்றார் இவர். குரல் ஒரு மாதிரி இருந்தது. ஸ்கேனர்காரன் வந்து பார்த்துவிட்டுப் போனால், அடுத்த தடவை அந்தக் கார் நேராக ஸ்ரீபெரும்புதூருக்குத்தான் போகும். அது மூன்று பேருக்கும் தெரியும்.

கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். லேம்ப் எரிகிற அளவுக்குக் கரண்டு போகிறது, மோட்டாரை இழுக்கிற அளவுக்குப் போகவில்லை. உள்துணியின் ஓரத்தில் மோட்டாருக்குப் போகும் வயர்க்கட்டு கொஞ்சம் தெரிகிறது. அந்த இடத்தில் வெட்டி, பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துப் பார்ப்பது. கட்டிங் பிளையரை எடுத்துவிட்டார்.

அந்த மாதிரி வயர்க்கட்டுகளைக் கட்டித்தான் நான் காலம் தள்ளினேன். லைனில் தெரியாமல் ஒரு வயரில் கீறல் விழுந்தாலே மொத்தக் கட்டையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்தக் காருக்கு அதை வெட்டினால் வேறு வாங்கிப் போட இந்த ஊரில் யாரிடமும் கிடையாது.

"வெட்டாதீங்க. இன்னொருவாட்டி பாத்துடலாம்" என்றேன்.

"லைட்டப் புடி நீ."

"இன்னாங்க, சொல்றதக் கேளுங்க."

"லைட்டப் புடின்னேன்ல."

டார்ச்சோடு குனிந்தேன். அன்றைக்கு நான் டிக்கிக்குள் தலையை விட்டது அதுதான் முதல் தடவை. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அவரே, "அமுக்குங்கண்ணே" என்று குரல் கொடுத்தார். இரண்டு பேர் தலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உன்னிப்பாகக் கேட்டார்.

துணிக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடுகிற மாதிரி, மெல்லிசாக, கீச்சென்று, விடாமல். கார்காரர் பட்டனிலிருந்து விரலை எடுத்ததும் நின்றது.

"பாத்தியா? சத்தமே இல்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வீம்புக்குச் சொல்கிறாரா என்று பார்த்தேன். வீம்பில்லை. அந்தச் சத்தத்துக்கு ஒரு சாண் தூரத்தில் காதை வைத்துக்கொண்டு, சத்தமே இல்லை என்று அவர் மனசார நம்பினார். இத்தனை நாள் இருக்குமோ இருக்காதோ என்று இருந்தது இப்போது இருக்கிறது என்று ஆகிவிட்டது. அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மோட்டார் ஓடுகிறது என்று அங்கே வாய்விட்டுச் சொன்னால், காலையிலிருந்து பிரித்துப் போட்டதெல்லாம் எதற்கு என்று கார்காரர் கேட்பார். பூக்காரர்கள் சிரிப்பார்கள். பொழுது சாய்வதற்குள் விஷயம் வாலாஜாபாத் வரை போய்விடும். சொல்லாவிட்டால் பிளையர் வயரில் இறங்கும். அவர் மறுபடி பிளையரை எடுத்துத் திறந்துவிட்டார்.

"இன்னாங்க, இந்த இடம் இன்னாமோ சுடுது. தொட்டுப் பாருங்க" என்று உரக்கச் சொன்னேன். அவர் கையைப் பிடித்து இழுத்து, உள்துணிக்கும் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு போகுமோ அவ்வளவு திணித்தேன். பஞ்சுப்பை தட்டுப்படும் வரை திணித்தேன். "அண்ணா, அமுக்குங்க!"

மறுபடி அந்தக் கீச்சுச் சத்தம். அவர் கை உள்ளே இருந்தது. முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அதிர்வைத் தேடுவது போல விரல்களை உள்ளே அசைத்தார். என்னைப் பார்த்தார். சத்தம் எனக்குக் கேட்கிறது என்பதை என் முகத்திலிருந்து அவர் தெரிந்துகொண்டார். அவருக்குக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டதையும் தெரிந்துகொண்டார். கார்காரர் விரலை எடுத்த பிறகும் அவர் கையை வெளியே எடுக்கவில்லை.

அப்புறம் நிமிர்ந்து நின்று, பிளையரைப் பெட்டியில் போட்டார்.

"மோட்டார் ஓடுதுண்ணே. ஆயிலுதான் எறங்கியிருக்கு."

"அத்ததான காலைலயே சொன்னேன்! உள்ள உறுமிக்கினு கீதுன்னு. நீதான் கண்டுக்கல" என்றார் கார்காரர். நல்லவேளை, அதற்குள் போன் அடித்தது. அவர் சிரித்துக்கொண்டே ரெடியாயிடுச்சிங்க என்று சொல்லப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் அவர் கையைப் பிடிக்க முடியாது. கூரையின் இடது பக்க மடக்குக்குக் கீழே துணியெல்லாம் எண்ணெய் ஊறிக் கிடந்தது. எண்ணெய் போகிற மெல்லிய குழாயில் சின்னதாக ஒரு வெட்டு. அதன் பக்கத்திலேயே மாலை கட்டுகிற கம்பி ஒரு துண்டு முறுக்கிக் கிடந்தது. ஏதோ ஒரு கல்யாணத்தில் மாலை நழுவக்கூடாது என்று கூரையின் எலும்பிலேயே கம்பியைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். முடிந்ததும் மாலையை மட்டும் அறுத்து எடுத்துவிட்டார்கள். மடங்கி விரியும்போதெல்லாம் கம்பி குழாயை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பூக்காரர்கள் இரண்டு பேரும் அன்றைக்கு அங்கே இல்லவே இல்லை என்பது போல வேறு பக்கம் பார்த்தார்கள்.

குழாயை ஒரகடத்தில் ஜேசிபிக்கு ஹோஸ் அடித்துத் தருகிற கடையில் செய்யச் சொல்லலாம், ஆனால் அன்றைக்கே ஆகாது. மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் தளர்த்திவிட்டால் கூரையைக் கையாலேயே தள்ளி மடக்கலாம். உள்துணியைக் கழற்றி அதைத் தளர்த்தினார். ஆளுக்கொரு மூலையாகப் பிடித்தோம், நானும்தான். கூரை முனகிக்கொண்டே பின்னால் போய்ப் படுத்தது. "இனி பட்டனத் தொடாதீங்க. மழை வந்தா கையாலதான் மூடணும். நான் கூடவே வாரேன்" என்றார் என் வீட்டுக்காரர். கார்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தோளில் தட்டி, "உன்ன வுட்டா யாருப்பா" என்றார்.

இவர் சிரித்தார். நான் கல்லாப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். மழை வந்தால் கூரையை இழுத்து மூட ஆள் வேண்டும் என்பதால் நாங்கள் இரண்டு பேரும் காருக்குப் பின்னாலேயே நடந்தோம். மாப்பிள்ளைப் பையன் எழுந்து நின்று கும்பிட்டபடி போனான். முன்னால் நாதஸ்வரமும் தவிலும். என் வீட்டுக்காரரின் விரல்கள் தவிலுக்கு ஏற்ப அவர் தொடையில் தட்டிக்கொண்டே வந்தன. நடுவில் தவில்காரர் நிறுத்திக்கொண்டார். நாதஸ்வரம் மட்டும் உச்சியில் எங்கோ போய்க்கொண்டிருந்தது. தாளம் போடுகிறவர் ஜால்ராவை ஜிங் ஜிங்கென்று தட்டிக்கொண்டிருந்தார். இவர் விரல்கள் நின்றுவிட்டன. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துச் சுற்றுமுற்றும் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

அப்போதிருந்து மனசு சும்மா இருக்கவில்லை. எதையெல்லாம் சொன்னோம், எதெல்லாம் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு நான் திட்டிய திட்டுகள் ஒன்றும் சேர்ந்திருக்காது. பொறுமைசாலி, தங்கமான மனுஷன் என்று அம்மா வீட்டில் நான் பீற்றிக்கொண்டதெல்லாம் இந்த லட்சணம்தானா என்று நினைத்தபோது சிரிப்புக்கூட வந்தது. அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. ஏனென்றால் நாங்கள் முக்கியமாகப் பேசியதெல்லாம் பைக்கில்தான். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் ஒரு குடும்பம், மறுபக்கம் தூத்துக்குடிப் பையன்கள் ஆறேழு பேர். ரகசியம் பேச வேண்டுமென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடுவோம். அவர் ஓட்டுவார், நான் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவேன். அவர் தலை ஆடும். குண்டும் குழியுமான ரோட்டில் யார் தலைதான் ஆடாது.

எங்களுக்கு ஒரு பிள்ளை வயிற்றில் தங்கி, நாலாம் மாதம் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது அவர் முதுகில் சாய்ந்துகொண்டு, "எம் மேல கோவமா மாமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கோபம்தான் என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பதில் சொல்லாத முதுகை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன்.

மண்டபத்தில் ஆரத்தி எடுத்து மாப்பிள்ளையை இறக்கிவிட்டார்கள். மழை வரவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், எங்களுக்கு இறங்காது என்று கிளம்பிவிட்டோம். கோயில் பக்கம் விட்டிருந்த பைக்கை எடுத்து ஏறியதும் பழக்கதோஷத்தில் அவர் தோளுக்குப் பின்னால் வாயைக் கொண்டுபோனேன். பால் வாங்க வேண்டும் என்று சொல்லத்தான். சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன்.

ஒரகடம் வருவதற்குள் ஒரு பெட்ரோல் பங்க்கில் அவர் வண்டியைத் திருப்பினார். பெட்ரோல் போடவில்லை. காற்றடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நல்ல வெளிச்சத்தில் நிறுத்திவிட்டு, இறங்கி என் எதிரில் வந்து நின்றார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"இன்னிக்கிதான் உறுதியா தெரிஞ்சிது. உனுக்கு?"

"பிரஸ் ஷாப்புல இருந்தப்பவே. காதுல இயர் பிளக்கு வச்சா சூப்பர்வைசர் கூப்புடுறது கேக்காது, திட்டு விழும். கழுத்துலயே தொங்கவிட்டுக்கிருவோம். வருசா வருசம் காது டெஸ்ட்டு வைப்பாக. சத்தம் கேட்டா பட்டன அமுக்கணும். எதுக்க கண்ணாடியில டெஸ்ட்டு எடுக்குற பொண்ணு கை அசையுறது தெரியும். அதப் பாத்துப் பாத்து அமுக்கிருவேன்."

"கல்யாணத்துக்கு முன்னாடியேவா?"

தலையாட்டினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அன்னிக்கே கேட்டேனே, டாக்டராண்ட போலாமான்னு! ஏன்யா சொல்லல? நான் இன்னா ஓடிடுவனா? பைத்தியக்காரி மாதிரி உன் முதுகாண்ட பேசிக்கினே இருந்துக்கிறேனே இத்தினி வருஷமா!" பங்க்கில் வேலை செய்கிற பெண் திரும்பிப் பார்த்தாள். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை எல்லாம் போய்ச் சேர்ந்தது.

நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் அவர் பேசினார்.

"ஒண்ணு கேக்கணும் புள்ள. ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்துச்சு. கேட்டா காது விசயம் தெரிஞ்சிரும்னு கேக்கல." ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "அன்னைக்கு வல்லம் ரோட்டுல லாரிக்கு ஒதுங்குறேன்னு பள்ளத்துல விட்டேன்ல. மறுநாளுதான் ஒனக்கு அப்புடி ஆச்சு. பள்ளத்துக்கு முன்னாடி, நீ பின்னாடி இருந்து மெதுவாப் போன்னு ஏதும் சொன்னியா?"

சொன்னேன். ஒரு தடவை இல்லை, அன்றைக்குக் கத்தினேன். மெதுவா போ மாமா, பள்ளம் கீது, மெதுவா போ என்று கத்திக்கொண்டே வந்தேன்.

அவருக்கு என் மேல் கோபம் இருந்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. வண்டி குலுங்கியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கரு ஆரம்பத்திலிருந்தே சரியாக வளரவில்லை என்று டாக்டரம்மா என்னிடம் சொல்லியிருந்தார். அதை நான் அன்றைக்கே அவரிடம் சொன்னேன். பைக்கில் வரும்போது, பின்னால் உட்கார்ந்து சொன்னேன்.

அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். டாக்டரம்மா சொன்னதை முதலிலிருந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பள்ளத்தால் இல்லை, உன்னாலும் இல்லை, என்னாலும் இல்லை என்று சொன்னேன். அவர் கண் என் உதட்டை விட்டு அசையவில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு மறுபடி கேட்டார்.

"அது சரி. நீ சொன்னியா, இல்லையா?"

"இல்ல மாமா" என்றேன், அவருக்குத் தெளிவாகத் தெரிகிற மாதிரி வாயை நன்றாகத் திறந்து. "நான் ஒண்ணுமே சொல்லல."